குணேஸ்வரியை எடுத்தாச்சு

குணேஸ்வரிக்கு ஒரு சிறுநீரகம்தான். மற்றதைச் சில வருடங்களுக்கு முன் தம்பி ரஜீவனுக்குக் கொடுத்துவிட்டாள். கொடுத்தவளுக்கு அதில் ஒரு மனக்குறையும் இல்லை, குறையெல்லாம் ஊருக்குத்தான். பிறந்த ஊரான கிளிவெட்டியில் ஒரு கலியாண வீடு, செத்த வீடு என்று போனால் போதும், கதிரையை இழுத்துப் போட்டு, "இரு பிள்ளை, நிக்காதை, உனக்கு ஏலாது" என்பார்கள். ஏலாதாம்! ஓர்ஸ் ஹில்லில் ஒரு கந்தோரில் நாள் முழுக்கக் கோப்புகளோடு மாரடித்து, பின்னேரம் உட்துறைமுகத்து வீதியில் வியர்க்க வியர்க்க ஓடி, வீட்டுக்கு வந்து தனக்கும் தம்பிக்கும் சோறு கறி ஆக்குகிற மனுசிக்கு ஏலாதாம். அந்தச் சொல்லைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஓட்டத்தைத் தொடக்கிவிட்டது டொக்டர்தான். நடவுங்கோ என்றார், இவள் ஓடினாள். முதலில் நாய்கள் துரத்தின, பிறகு அவையும் பழகிவிட்டன. நாற்பத்தைந்து வயதில் சப்பாத்து வாங்கிய பெண்ணைப் பார்த்துச் சிரித்தவர்களை அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

அப்படி இருந்தவளிடம்தான், சிறுநீரகம் கொடுத்தவள் என்று கேள்விப்பட்டு, கந்தளாயில் இருந்து பிரசாந்தினி வந்தாள். அவளுடைய அண்ணன் கஜீபன் வயல் செய்கிறவன். இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, கிழமைக்குக் கிழமை ஆசுபத்திரியில் இரத்தம் சுத்தம் செய்துதான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தான். பிரசாந்தினியுடையது அவனுக்குப் பொருந்தும் என்று சொல்லியாயிற்று. அவளுக்கும் கொடுக்க மனம். ஆனால் சின்னப் பிள்ளைகள் இரண்டு, புருசன் வீட்டாரின் வாய் வேறு. கொடுத்தால் நீ அரை ஆள் என்று சொல்லிச் சொல்லியே அவளைப் பாதியாக்கியிருந்தார்கள்.

"அக்கா, மறைக்காமல் சொல்லுங்கோ. நீங்கள் உண்மையா நல்லா இருக்கிறீங்களோ?"

குணேஸ்வரிக்குப் பதில் ரோசத்தில் வந்தது. "கந்தளாயில இருந்து எங்கட ஓர்ஸ் ஹில் வரைக்கும் நூறு கிலோமீற்றர் ஓட்டம் வைக்கினம். நான் ஓடுறன். நீ முடிவிடத்தில வந்து நில். ஓடி வாறவளைக் கண்ணால பார். பார்த்திட்டுச் சொல்லு, குடுக்கிறதோ இல்லையோ எண்டு."

அந்தப் பேச்சில் ஒரு மனிதனின் உயிர் தொங்கியது. அது அவளுக்கும் தெரியும், பிரசாந்தினிக்கும் தெரியும்.

டொக்டரிடம் போனபோது அவர் முகத்தைச் சுளித்தார். "ஓடுங்கோ, தண்ணியைக் குடிச்சுக் குடிச்சு ஓடுங்கோ. ஆனால் சலம் தேத்தண்ணி நிறத்தில போனால், அந்த இடத்திலயே நிக்கவேணும். உங்களிட்ட இருக்கிறது ஒண்டுதான், விளங்குதோ?"

"ஓம் டொக்டர்" என்றாள். நல்ல பிள்ளைபோல.

கச்சான் என்கிற அந்த வறண்ட மேல்காற்றுத் தொடங்குகிற மாதம் பார்த்து ஓட்டம் வைத்த புத்திசாலிகளை என்னவென்று சொல்வது! கந்தளாய்க் குளக்கட்டில் இருந்து விடியற்காலையில் புறப்படும்போது குளிர்ச்சியாகத்தான் இருந்தது. சேருநுவரப் பக்கம் வரும்போதே காற்று அடுப்பு வாய்போலச் சுட்டது. வெட்டி முடிந்த வயல்களில் ஒரு மாடுகூட நிற்கவில்லை.

கிளிவெட்டியில் அவளுடைய சனம் வேலியோரம் நின்றது. கையாவது தட்டுவார்கள் என்று நினைத்தாள். ஒருவரும் தட்டவில்லை. சின்னம்மா முறையான ஒருத்தி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அவளையே பார்த்தாள், பிரேதம் போகும்போது பார்ப்பதுபோல. குணேஸ்வரி விடுவாளா! வேண்டுமென்றே பல்லைக் காட்டிச் சிரித்து, கையை ஆட்டிவிட்டு ஓடினாள்.

மூதூரில் குடித்த தண்ணீர் எல்லாம் வாந்தியாக வெளியே வந்தது. அதன் பிறகு வியர்வை நின்றுவிட்டது. கையைத் தடவிப் பார்த்தாள், உப்புத்தான் இருந்தது. கிண்ணியாவில் ஒரு வீட்டில் கழிவறைக்குப் போய் வரக் கேட்டாள். சலம் கடும் மஞ்சளாகப் போனது. காலையில் போட்ட விற்றமின் குளிசையின் நிறம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த வீட்டுப் பெண் செம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு, "இன்னம் போகணுமா ராத்தா? முகம் நல்லால்லயே" என்றாள். குணேஸ்வரி செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பாலத்தில் ஏறினாள்.

சீனக்குடாவில் ஒரு தேத்தண்ணிக் கடையின் பின்புறம் ஒதுங்கிச் சலத்தைப் பார்த்தாள். பால் விடாத தேத்தண்ணி. அதே நிறம்.

அந்த இடத்திலேயே நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லையே! இன்னும் கொஞ்சத் தூரம், இன்னும் கொஞ்சத் தூரம் என்று காலை இழுத்தாள். பிரசாந்தினி வந்திருப்பாள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்திருப்பாள். நின்றால் கஜீபனுக்கு யார்? பாலையூற்று போனது, அனுராதபுரச் சந்தி போனது. முதுகில் இடப்பக்கம் ஒரு நோவு எழும்பியது. அந்த இடத்தில் ஒன்று இருக்கிறது என்பதை இத்தனை வருடத்தில் அவள் உணர்ந்ததே இல்லை. இப்போது அது கிடந்து துடித்தது.

மட்கோச் சந்திக்கு வந்தபோது முடிவிடத்து ஒலிபெருக்கி கேட்டது. ஓடி முடித்தவர்களின் பெயர்களைக் கூப்பிட்டுக் கைதட்டினார்கள். இன்னும் ஒரு ஏற்றம், ஒரு திருப்பம். அவ்வளவுதான்.

குணேஸ்வரி நின்றாள்.

ஓடிப்போய் அந்தப் பிள்ளையின் காலடியில் விழுந்தால் அவள் எதைப் பார்ப்பாள்? இருக்கிற ஒன்றும் போனால் என்ன செய்வது? தம்பிக்குக் கொடுத்ததைத் திருப்பித் தா என்று கேட்பதா? இந்த நினைப்பில் அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்க வயிறு விடவில்லை. பின்னால் வந்த வானுக்குக் கையைக் காட்டினாள்.

ஓடமுடியாமல் நின்றவர்களை ஏற்றிக்கொண்டு வந்த வான் அது. ஓட்டி வந்த முனாப் கிண்ணியாக்காரன். "என்னக்கா, அந்தா தெரியிது! நடந்தாலும் முடிச்சிரலாமே!"

"ஏலாது தம்பி."

தன் வாயாலேயே சொன்னாள். முனாப் அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று இறங்கினான். ஏற்றிப் படுக்க வைத்துவிட்டு, முடிவிடத்தில் பிரசாந்தினியோடு நின்ற ரஜீவனுக்கு அவள் சொன்ன இலக்கத்தில் போன் எடுத்தான். அன்று முழுக்க ஒவ்வொரு ஆளையும் ஏற்றும்போது சொன்ன அதே சொல்தான் அவனுடைய வாயில் வந்தது.

"தம்பி, குணேஸ்வரி அக்காவ எடுத்தாச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறம்."

குணேஸ்வரி துடித்துப் பதைத்து எழும்பினாள். "ஐயோ தம்பி, அப்பிடிச் சொல்லாதேங்கோ! எங்கட பக்கம் எடுக்கிறது எண்டா..."

எடுக்கிறது என்றால் செத்த வீட்டுச் சொல். எத்தனை மணிக்கு எடுக்கிறது, எடுத்தாச்சோ என்று பிரேதத்துக்குக் கேட்கிற சொல். அவள் சொல்லி முடிக்கும் முன் முனாப் போனை வைத்துவிட்டு வானைத் திருப்பிவிட்டான்.

ஆசுபத்திரியில் சேலைன் ஏறியது. இரத்தம் எடுத்துப் பார்த்த டொக்டர், "அந்தச் சந்தியில நிண்டதால தப்பினீங்கள்" என்றார். தப்பியது முழுதாகத் தப்பியதா என்று தெரிய இன்னும் நாள் வேண்டுமாம்.

ரஜீவன் ஓடி வந்தான். தனியாகத்தான் வந்தான்.

"பிரசாந்தினி எங்கயடா?"

அவன் தரையைப் பார்த்தான். "ஒரே சத்தம் எண்டு போனை ஸ்பீக்கரில போட்டிருந்தனான் அக்கா. அந்தச் சொல்லைக் கேட்டவுடன அவள் ரோட்டிலயே குந்திட்டாள். உயிரோடதான் இருக்கிறா, வாரும் போய்ப் பார்ப்பம் எண்டு சொன்னனான். கேக்கேல்லை. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கந்தளாய் பஸ்ஸில ஏறிட்டாள்."

அடுத்த நாள் பிரசாந்தினியே போனில் கதைத்தாள். "நீங்கள் இருக்கிறீங்கள் எண்டு தெரியும் அக்கா. ஆனால் எடுத்தாச்சு எண்டு கேட்ட நேரம் எனக்கு அண்ணன்ர முகம் வரேல்லை, பிள்ளைகளின்ர முகம்தான் வந்தது. என்னால ஏலாது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ." அழுதுகொண்டே வைத்துவிட்டாள். குணேஸ்வரிக்குத் தலையில் கல்லைப் போட்டதுபோல இருந்தது. தான் ஓடாமலே விட்டிருந்தால் அந்தப் பிள்ளை கொடுத்திருக்குமே என்று சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

பின்னேரம் வேறொரு இலக்கத்தில் இருந்து அழைப்பு வந்தது. ஆண் குரல், இளைத்திருந்தது.

"அக்கா, நான் கஜீபன். உங்களுக்கு இப்ப எப்பிடி?"

அவள் எழும்பி உட்கார்ந்து, டொக்டர் இன்னும் சொல்லாததைச் சொன்னாள். "நான் நல்லா இருக்கிறன் தம்பி. கிட்னி தப்பிட்டுது எண்டு டொக்டர் சொல்லிட்டார். இதைத் தங்கச்சிக்குச் சொல்லுங்கோ. கட்டாயம் சொல்லுங்கோ."



"சொல்லமாட்டன் அக்கா" என்றான். "சொன்னால் அவள் திரும்பவும் யோசிப்பாள். ராத்திரிதான் கன நாளைக்குப் பிறகு நித்திரை கொண்டவள். விடுங்கோ."

அழைப்பு நின்றது. குணேஸ்வரி அந்த இலக்கத்தைத் திரும்ப அழுத்தினாள். மணி போய்க்கொண்டே இருந்தது. அவன் எடுக்கவில்லை.