முதல் பந்தி

வெயிலுமுத்துவுக்கு நடிக்க வராது. ஊர்க் கோயில்கொடை நாடகத்தில் ஒரு வருசம் சேவகன் வேசம் கொடுத்தார்கள். "ஆகட்டும் மன்னா" என்கிற ஒரே ஒரு வசனம். அதையும் மறந்துவிட்டு மேடையில் நின்று தலையைச் சொறிந்தவர் அவர். அப்பேர்ப்பட்ட ஆளைத் தெருக்குழாயடியில் நிறுத்தி, பெற்ற மகனோடும் மருமகளோடும் பொய்ச் சண்டை போடச் சொன்னால் என்ன ஆகும்? ஆகக்கூடாததெல்லாம் ஆனது.

நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் கரிசல்காட்டு ஊர். மழையை நம்பி மக்காச்சோளமும் உளுந்தும் போடுகிற ஊர். ஒரு வருசம் மழை ஏமாற்றும். மழை பெய்த வருசம் காட்டுப்பன்றி வந்து கதிரைச் சாய்த்துவிட்டுப் போகும். இருந்த நிலத்தை மகன் சுடலைராஜ் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார் வெயிலுமுத்து. மகன் டிராக்டர் ஓட்டினான். மருமகள் ஆனந்தி காலையில் வேன் ஏறித் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போய்விடுவாள். பேத்தியையும் இரண்டு ஆட்டையும் பார்த்துக்கொண்டு இவர் வீட்டில் கிடந்தார். பெண்டாட்டி போய்ச் சேர்ந்த பிறகும் வேளாவேளைக்குச் சோறு வந்தது. ஒரே உலை, ஒரே சோறு.

அவருக்குக் கூட்டாளி கருத்தையா. பிள்ளை இல்லாதவர். மாசாமாசம் முதியோர் பணம் வாங்கிக்கொண்டு வந்து டீக்கடையில் உட்கார்ந்து, "ஏலே வெயிலு, பிள்ளையப் பெத்து நீ என்னத்தக் கண்ட? எனக்குச் சர்க்காருல்லா பிள்ளை!" என்று சீண்டுவார். வெயிலுமுத்துவும் சிரிப்பார். ஆனால் வெற்றிலைக்குக்கூட மருமகள் கையைப் பார்க்க வேண்டியிருந்தது அவருக்கு உள்ளுக்குள் அரித்தது. தாலுகா ஆபீசு வாசலில் மனு எழுதுகிற நந்தகோபாலிடம் மகனோடு போய் நின்றார்.

"அண்ணாச்சி, மகன் வீட்டுல கஞ்சி குடிக்கிறவியளுக்குக் குடுக்க மாட்டாவ" என்றார் நந்தகோபால். "ஆதரவு இல்லைன்னு இருக்கணும். ரேசன் கார்டைப் பிரிங்க. தனியா அடுப்பு வையுங்க. விசாரிக்க வருவாவ, ஊர்ல நாலு பேரு சொல்லணும், அந்த மனுசனை மகன் கண்டுக்கிடலைன்னு. எல்லாரும் செய்யுததுதான். பயப்படாதிய."

கஷ்டப்படுகிற கிழவனுக்குக் கொடுக்கவேண்டும் என்று நினைத்தவன் புண்ணியவான். அதில் குற்றம் சொன்னால் நாக்கு அழுகிப்போகும். ஆனால் மகன் கைவிட்டால்தான் காசு என்று எழுதி வைத்தால், கைவிடாத வீடு என்ன பாடுபடும் என்று எவனாவது ஒரு நிமிசம் யோசித்தானா? வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டது வெயிலுமுத்து மட்டும்தானா?

கார்டைப் பிரித்தார்கள். மாடு இல்லாத தொழுவத்தைக் கூட்டிப் பெருக்கி, ஓர் அடுப்பும் கயிற்றுக்கட்டிலும் போட்டார்கள். முதல் நாள் ராத்திரி மூன்று பேரும் உட்கார்ந்து யார் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தார்கள். சிரித்துச் சிரித்து ஆனந்திக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "மாமா, நீங்க சும்மா நின்னா போதும். நான் பேசிக்கிடுதேன்" என்றாள்.

மறுநாள் காலையில் குழாயில் தண்ணீர் வந்த நேரம், குடத்தோடு ஊரே நின்றது. சுடலைராஜுக்கு வாய் எழவில்லை. ஆனந்திதான் ஆரம்பித்தாள். "சோறு போட்டு மாளல! தனியாப் பொங்கித் தின்னுங்க!" என்றாள். இதுவரை ஒத்திகைதான். அப்புறம் அவள் குரல் மாறியது.

"அத்தை படுக்கையில கெடந்தப்ப பீ மூத்திரம் அள்ளுனது யாரு? ஆபீசுல இருந்து வந்து நட்ட நடு ராத்திரி வரைக்கும் நான் தொவைச்சேன். என்னம்மா, சாப்பிட்டியான்னு ஒருநாள், ஒரேயொரு நாள் கேட்டியளா?"

இது ஒத்திகையில் இல்லை. சொல்லிமுடித்து அவளே திகைத்துப்போய் நின்றாள். வெயிலுமுத்துவுக்கு முகத்தில் அறைந்தது மாதிரி ஆகிவிட்டது. சத்தியமான பேச்சு அல்லவா? அதனால்தான் அப்படிச் சுட்டது. நடிப்பு என்பதெல்லாம் மறந்துபோய், வாயில் வந்ததைச் சொன்னார்: "தூக்கு மாட்டிச் செத்தவன் மகளுக்கு இம்புட்டு வாயா?"

ஆனந்தியின் அப்பா விளைச்சல் பொய்த்த ஒரு வருசம் அப்படித்தான் போனார். அந்தப் பேச்சை அவளிடம் யாரும் எடுப்பதில்லை. அவள் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போனாள். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? அன்றைக்கு மத்தியானமே அவர் போய், "வாய் தவறிட்டும்மா" என்றார். "நடிப்புதான மாமா" என்றாள் அவள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

விசாரிக்க வந்தார்கள். ஊர் சாட்சி சொன்னது, அதுவும் மனசாரச் சொன்னது. பணம் வர ஆரம்பித்தது. பேத்தி கையில் இருட்டியபிறகு தூக்குச்சட்டியில் குழம்பு வரும். இவர் பணத்தில் வாங்கிய மிக்சர் பொட்டலம் அதே சட்டியில் திரும்பிப் போகும். அந்த அளவில் நின்றிருந்தால்கூடப் பாதகமில்லை. இவருக்கு மகன் வீட்டுச் சாப்பாடு போகிறது என்று எவனோ மேலே எழுதிப் போட்டுவிட்டான். திரும்பவும் விசாரணை வரும் என்றார் நந்தகோபால்.

"கொஞ்ச நாளைக்குக் குழம்பு வேண்டாம்ப்பா" என்றான் சுடலைராஜ், தொழுவத்து வாசலில் நின்றபடி.

"அதுக்கென்னல, நான் பொங்கிக்கிடுதேன்."

கொஞ்ச நாள் என்பது எவ்வளவு நாள் என்று இவரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. விசாரணை வந்து போனபிறகும் குழம்பு வரவில்லை. ரேசன் அரிசியைக் குழைய விட்டும், அடிப்பிடிக்க விட்டும் தின்று பழகினார். மனுசன் எதற்குத்தான் பழகமாட்டான்! பேத்தி பள்ளிக்கூடம் போகிற வழியில் "தாத்தா" என்று கையாட்டுவாள். அதுவும் அம்மா கூட வராத நாளில்.

இதற்கிடையில் சுடலைராஜுக்குச் சர்க்கார் வீடு கிடைத்தது. தனிக்கார்டு, சிறு குடும்பம், மண்சுவர் வீடு என்று எல்லாம் பொருந்திவந்தது. ஓடைக்கு மேற்கே சோளக்கதிரை அம்பாரமாகக் குவித்துவைக்கிற இடத்தில் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினார்கள். வழியில் அப்பாவைப் பார்த்தவன் டிராக்டரை நிறுத்தி, "வீடு முடியட்டும்ப்பா. எல்லாம் சரியாப் போயிரும்" என்றான்.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார் கிழவர். விடியுமுன்னே போய், காயும் சுவருக்குக் குடம் குடமாகத் தண்ணீர் விட்டார். யாரும் சொல்லவில்லை, யாரும் வேண்டாமென்றும் சொல்லவில்லை. சமையல்கட்டை ஒட்டி ஒரு சின்ன அறை எழும்பியது. ஒரு கட்டில் போடலாம், ஒரு சன்னல் இருந்தது. அது தனக்குத்தான் என்று முடிவுசெய்துகொண்டார். "முதியோர் பணம் போனாப் போகுதுலே, வேண்டாம்னு எழுதிக் குடுத்துருவேன்" என்று கருத்தையாவிடம் சொல்லியும்விட்டார். கருத்தையா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

புதுவீட்டுப் பால்காய்ச்சு அன்றைக்கு வெயிலுமுத்து சலவை வேட்டி கட்டினார். தலையணை, போர்வை, பெண்டாட்டியின் படம், எல்லாவற்றையும் ஒரு பழைய சேலையில் மூட்டை கட்டிச் சைக்கிள் கேரியரில் வைத்தார். வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே போனார். சின்ன அறையை எட்டிப் பார்த்தார். உர மூட்டையும் மோட்டாரும் கிடந்தன. ஒதுக்கிவிட்டால் கட்டில் போட்டுவிடலாம் என்று நினைத்தார்.

பந்தலில் இலை போட்டார்கள். எந்த விசேசமானாலும் வந்தவர்களை முதலில் உட்காரவைத்துப் பரிமாறிவிட்டு, வீட்டு ஆட்கள் கடைசிப் பந்தியில்தான் கை நனைப்பார்கள். இவரும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தண்ணீர்ச் செம்பைக் கையில் எடுத்தார். சுடலைராஜ் ஓடிவந்தான்.

"அப்பா, நீங்க ஏன் நிக்கிய? உக்காருங்க, உக்காருங்க. இலை போட்டாச்சு."

"இருக்கட்டும்ல, நான் கடைசியில..."

அவன் செம்பை வாங்கிக்கொண்டு, தோளைப் பிடித்து முதல் பந்தியில், டிராக்டர் முதலாளிக்கும் மேஸ்திரிக்கும் நடுவில் உட்காரவைத்தான். மரியாதையாகத்தான் வைத்தான். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனந்தி வந்து தானே கேசரி வைத்தாள். "இன்னுங் கொஞ்சம் வைக்கட்டுமா மாமா? கூச்சப்படாமச் சாப்பிடுங்க" என்றாள். கோபம் இல்லை, குத்தல் இல்லை. திட்டியிருந்தால்கூட அவருக்கு உயிர் வந்திருக்கும். பக்கத்து இலைக்காரர் எழும்வரை எழக்கூடாதே என்று சோற்றை எப்படியோ விழுங்கினார்.

கை கழுவிவிட்டு வந்தவர் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். வாசலில் ஆனந்தி போகிறவர்களுக்கெல்லாம் தேங்காயும் வெற்றிலைபாக்கும் போட்ட பையைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் ஒரு பையை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினாள்.

"வந்ததுல ரொம்பச் சந்தோசம் மாமா. பாத்துப் போயிட்டு வாங்க."

இவரும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வேறு என்ன செய்வார் பாவம்? "நல்லா இருங்கம்மா" என்றார். குரல் சரியாகத்தான் வந்தது.

வேப்பமரத்தடிக்குப் போய் சைக்கிளை எடுத்தபோது கருத்தையா எதிரே வந்தார். கேரியரில் இருந்த மூட்டையைப் பார்த்தார், கையில் இருந்த பையைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆனாலும் ஏதாவது பேசவேண்டுமே என்று, "ஏலே வெயிலு, அதுக்குள்ள கெளம்பிட்ட? ஒம் மகன் வீடுல்லா?" என்றார்.

வெயிலுமுத்து பையை ஹேண்டில்பாரில் மாட்டினார்.

"விருந்துக்கு வந்தவன் எம்புட்டு நேரம்லே இருக்க முடியும்?" என்றார்.