ஒரே திசையில் ஐந்து சுற்று

போன திங்கட்கிழமை காலை பார்க்குக்குப் போனால், நடைபாதை முழுக்க வெள்ளை அம்புக்குறிகள்.

பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் இருக்கும் சின்னப் பார்க் அது. நடுவில் ஒரு தூங்குமூஞ்சி மரம், அதைச் சுற்றி ஒரு பாதை. ஓடுகிறவர்களும் நடக்கிறவர்களும் எதிரும் புதிருமாக வந்து இடித்துக்கொள்கிறார்களாம். அதனால் இனிமேல் எல்லாரும் ஒரே திசையில்தான் போக வேண்டுமாம். அதிலும் பாருங்கள், கோயிலில் பிரகாரம் சுற்றுவதற்கு நேர் எதிர்த்திசை.

இத்தனை வருடமாக வலமாகவே சுற்றிப் பழகிய கால்... சொன்னால் கேட்குமா? வழக்கம்போலக் கிளம்பினேன். பத்தடிகூடப் போகவில்லை, காவலாளி கூப்பிட்டார்.

"ஆன்டி, அந்தப் பக்கம்லா. அம்பு பாருங்க."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு அங்கிள் தன் பங்குக்கு, "நடுவுல சாமியா இருக்கு? மரந்தானே, திரும்புங்க" என்றார். திரும்பினேன்.

சாமிகூட மன்னித்துவிடும். என் சங்கடம் வேறு. எனக்கு முன்னால் பதினைந்தடி தூரத்தில், நீல ட்ராக் பேன்ட் போட்டுக்கொண்டு ஒருத்தி நடந்துகொண்டிருந்தாள். புனிதா.

யார் இந்தப் புனிதா? எங்கள் அடுக்குமாடியில் எனக்கு இரண்டு மாடி கீழே இருப்பவள். ஒரே தமிழ்ப்பள்ளியில் இருபத்திரண்டு வருடம் என்னோடு பாடம் நடத்தியவள். என் மகள் கவிதா வாய்ப்பாடு கற்றுக்கொண்டதே அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான். ஓய்வு பெற்ற பிறகு இந்தப் பார்க்கில் காலையில் ஐந்து சுற்று, பேசிக்கொண்டே சேர்ந்து நடப்போம்.

அப்புறம் கவிதாவின் கல்யாணம் வந்தது. நானும் வீட்டுக்காரரும் தட்டில் குங்குமமும் பத்திரிகையுமாக ஊர் ஊராக அலைந்தோம். கிள்ளான், ஷா ஆலம், செலாயாங், சுங்கை பூலோ... வருடத்துக்கு ஒருமுறைகூடப் பார்க்காத சொந்தங்களை எல்லாம் நேரில் போய் அழைத்தோம். புனிதா? இரண்டு மாடிதானே, கடைசியில் போய்க்கொள்ளலாம் என்று விட்டேன். நம்ம ஆள்தானே.

எல்லாருக்கும் வாட்ஸாப்பில் அனுப்பிய அழைப்பு அவளுக்கும் போயிருந்தது. "நாளைக்கு நேர்ல வரேன்" என்றுகூடத் தட்டினேன். அந்த நாளை வரவே இல்லை. பந்தல், பூ, மண்டபம் என்று ஓடி, நிமிர்ந்து பார்த்தால் விடிந்தால் முகூர்த்தம்.

அவள் கல்யாணத்துக்கு வரவில்லை.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஒரு பத்திரிகைக்கா இவ்வளவு ரோஷம்? அவள் வந்து கேட்கட்டும் என்று நான் இருந்தேன். நான் வந்து சொல்லட்டும் என்று அவள் இருந்தாள். இரண்டு வருடம் ஓடிவிட்டது.

பார்க்கை மட்டும் இருவருமே விடவில்லை. என்னோடு சேர்ந்து நடக்கக் கூடாது என்று அவள் எதிர்த்திசையில் சுற்ற ஆரம்பித்தாள். இதில் ஒரு வேடிக்கை. எதிரெதிராகச் சுற்றினால் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை சந்தித்தே ஆக வேண்டும். ஆக, முகத்தில் முழிக்கவே கூடாது என்று முடிவெடுத்த இரண்டு பேர், தினமும் பத்து முறை நேருக்கு நேர் வந்துகொண்டிருந்தோம். நான் போனைப் பார்ப்பேன். அவள் மரத்தைப் பார்ப்பாள்.

இப்போது அம்புக்குறி வந்து என்னை அவள் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

முந்திப் போனால் மதிக்காமல் போகிறாள் என்று ஆகும். பின்னாலேயே போனால் துரத்துவது மாதிரி இருக்கும். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, பதினைந்தடி விட்டு நடந்தேன்.

அப்போதுதான் கவனித்தேன். புனிதா வலது காலை லேசாக இழுத்து நடக்கிறாள். முட்டியில் ஏதோ பட்டை கட்டியிருக்கிறாள், ட்ராக் பேன்ட் அந்த இடத்தில் புடைத்துத் தெரிகிறது. எப்போதிருந்து? யாருக்குத் தெரியும்? தினமும் பத்து முறை எதிரில் வந்தவளை நான் ஒருமுறைகூடப் பார்த்திருக்கவில்லை.

புதன்கிழமை காலை, மூன்றாவது சுற்று. மரத்தின் வேர் ஒன்று பாதைக் கல்லைத் தூக்கிக்கொண்டு நிற்கும் இடம் உண்டு. நான் வந்து பழகிய பக்கத்திலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். இந்தப் பக்கத்திலிருந்து வந்தால் கல் அதை மறைத்துவிடும். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே நான் அதை நெருங்கினேன்.

"அங்க வேரு இருக்கு. பாத்து வா."

திரும்பாமலே சொன்னாள் புனிதா.

நின்றுவிட்டேன். இரண்டு வருடத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"பின்னால வர்றது நான்தான்னு எப்படித் தெரியும்?"

"உன் சப்பாத்துச் சத்தம் எனக்குத் தெரியாதா? மூணு நாளா தேய்ச்சுக்கிட்டே வரே. முந்திப் போறதுன்னா போ."

"முந்திப் போக மனசு வரல, புனிதா."

அவளும் நின்றாள். ஆனால் திரும்பவில்லை. இப்போது சொல்லாவிட்டால் எப்போதுமே சொல்ல மாட்டேன் என்று தோன்றியது. அந்த முதுகைப் பார்த்தே சொன்னேன்.

"ரெண்டு மாடி இறங்கி வந்திருக்கணும். வரல. தப்பு என்மேலதான்."

அவள் சொன்னாள்: "கிள்ளான் வரைக்கும் போனே. எனக்கு லிப்ட்ல ஒரு நிமிஷம்லா."

"ஆமா."

"நீ நாளைக்கு வரேன்னு சொன்னியேன்னு மூணு நாள் சாயங்காலம் கதவைத் திறந்து வெச்சிருந்தேன். சேலைகூட எடுத்து வெச்சிருந்தேன்."

அழுதேன். அவள் திரும்பிப் பார்த்து, "ஏய், எல்லாரும் பாக்கிறாங்க. நட" என்றாள். நடந்தோம். முட்டி எப்போதிலிருந்து வலிக்கிறது என்று கேட்டேன். ஒரு வருடமாம். எண்ணெய், டாக்டர், எக்ஸ்ரே என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அன்றைக்கு ஐந்து சுற்று ஏழானது.

யோசித்துப் பார்க்கிறேன். தூரத்தில் இருப்பவர்களுக்கு நாம் எவ்வளவு மரியாதை செய்கிறோம். நேரம் ஒதுக்கி, சேலை மாற்றி, பெட்ரோல் போட்டுக்கொண்டு போகிறோம். பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் 'அவங்க புரிஞ்சிக்குவாங்க' என்று ஒரு சாக்கு. புரிந்துகொள்வார்கள்தான். ஆனால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டும் இருப்பார்கள்.

அடுத்த மாதம் கவிதாவுக்கு வளைகாப்பு. சனிக்கிழமை சாயங்காலம் நானும் வீட்டுக்காரரும் தட்டில் குங்குமம், பூ, பழம், வளையல் எல்லாம் வைத்துக்கொண்டு கிளம்பினோம். முதல் அழைப்பு இரண்டு மாடி கீழே. பட்டுச் சேலையில் லிப்ட்டுக்குள் நுழைந்த என்னைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரர் எந்த ஊர்க் கல்யாணம் என்று விசாரித்தார்.

மணி அடிக்கவே வேண்டியிருக்கவில்லை. கதவு திறந்திருந்தது.

புனிதா தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "வாட்ஸாப்ல அனுப்பியிருக்கலாமே" என்றாள். குங்குமத்தை மட்டும் குனிந்து எடுத்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்ததை மறைக்கத்தான் குனிந்தாள் என்று எனக்குத் தெரியும்.

இப்போது பார்க்கில் எல்லாரும் ஒரே திசையில் ஒழுங்காகப் போகிறார்கள். காவலாளிக்கு மட்டும் புதுத் தலைவலி... பாதை முழுவதையும் அடைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் பேசிக்கொண்டே நடக்கும் இரண்டு ஆன்டிகளை எந்த அம்புக்குறி போட்டு விலக்குவது?