டிக்கியில் ஒரு தார்ப்பாய்

நான் கார் வாங்கியது வஞ்சம் தீர்க்கத்தான். மழையில் நனையாமல் பள்ளிக்கூட வேலைக்குப் போகலாம், மகளை டியூஷனுக்குக் கொண்டுபோய் விடலாம் என்றெல்லாம் வங்கியில் கடன் கேட்டபோது சொன்னேன். மஸ்கட்டில் இருக்கும் என் கணவரிடமும் அதையேதான் போனில் சொன்னேன். உண்மையான காரணத்தை இப்போதுதான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் நீடாமங்கலத்திலிருந்து உள்ளே ஏழு கிலோமீட்டர். ஒரே ரோடு. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வயல். எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு என் கணவரின் அண்ணனுடையது. அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அந்த வீட்டு வாசலில் பெரிய கார் ஒன்று நிற்கும். பக்கவாட்டில் படி வைத்து, அதில் கால் வைத்து ஏற வேண்டிய உயரம். அந்தக் காரை அவர் துடைக்கும் அளவுக்குத் தன் பிள்ளைகளைக் குளிப்பாட்டியிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

நாலு வருஷத்துக்கு முன்னால், பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த என் அப்பா, மறுநாள் காலையில் ரத்த வாந்தி எடுத்தார். வயிற்றுப் புண் என்று பின்னால் தெரிந்தது. ஆம்புலன்ஸ் திருவாரூரிலிருந்து வர வேண்டும் என்றார்கள். நான் எதிர்வீட்டுக்கு ஓடினேன். மாமா காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி, என் ஓரகத்தி, நிலைப்படியில் நின்றிருந்தார்.

"மாமா, அப்பா ரத்தமா வாந்தி எடுக்குறாங்க. மன்னார்குடிக்குக் கொண்டுபோகணும். கொஞ்சம் வண்டிய எடுங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடி வழியாக உள்ளே சீட்டைப் பார்த்தார்.

"இப்பதாம்மா புது சீட் கவர் போட்டேன். கறையாயிடும். ஆம்புலன்ஸ்தான் வருதுல்ல, இரு."

ஓரகத்தியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

கடைசியில் உரமூட்டை ஏற்றும் லோடு வண்டி ஒன்று கிடைத்தது. சாக்கு விரித்து அப்பாவை அதில் படுக்க வைத்தோம். கஞ்சி போட்டுத் தேய்த்த வேட்டி இல்லாமல் வாசலுக்குக்கூட வராத மனுஷர். நீடாமங்கலம் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. கேட் சாத்தினால் எங்கள் பக்கத்து ஆட்கள் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி வேடிக்கை பார்ப்பார்கள். அன்றைக்கு வேடிக்கை என் அப்பா. பஸ்ஸின் ஜன்னலில் இருந்தவர்கள் மேலே இருந்து எட்டிப் பார்த்தார்கள். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"எல்லாரும் பாத்தாங்கல்ல?"

அடுத்த வருஷம் வேறு ஒரு நோயில் போய்ச் சேர்ந்தார். அந்தக் கேள்வி மட்டும் என்னிடமே இருந்துவிட்டது.

அப்பாவை லோடு வண்டியில் ஏற்றிய வருஷமே, ஆனி மாதத்தில் கார் வாங்கினேன். இருப்பதிலேயே குறைந்த விலைக்காரச் சின்னக் கார். முன்பக்கக் கண்ணாடிகள் பொத்தானில் இறங்கும். பின்பக்கக் கண்ணாடிகளைக் கைப்பிடியால் சுற்றித்தான் இறக்க வேண்டும். ஐந்து பேர் ஏறினால் ஏசி பெருமூச்சு விடும். டிக்கியில் ஒரு அரிசி மூட்டைக்கு மேல் வைத்தால் வேகத்தடையில் அடி உரசும். ஆனால் எதிரே அறுவடை மெஷின் வந்தால், பெரிய கார்கள் அரை கிலோமீட்டர் பின்னால் போக வேண்டிய இடத்தில், என் கார் ஓரமாக ஒதுங்கி நின்று வழி விடும். மைலேஜைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், பெட்ரோல் வாசனை காட்டினால் போதும்.

மாமா முதல் நாளே வந்து காரைச் சுற்றிப் பார்த்தார்.

"இதுல ஏறி உக்காரணுமா, இடுப்புல தூக்கி வச்சுக்கணுமாம்மா?" என்றார். அன்றிலிருந்து அதற்குத் தவளை என்று பெயர் வைத்துவிட்டார். "தவளை கெளம்பிடுச்சா?" என்று காலையில் கேட்பார். நான் சிரித்துக்கொண்டே தலையாட்டுவேன். சிரிப்பதற்கு எனக்குக் காரணம் இருந்தது.

கார் வாங்கிய வாரமே மன்னார்குடி கடைத்தெருவில் ஒரு நீலத் தார்ப்பாய் வாங்கி டிக்கியில் போட்டிருந்தேன். என்றைக்காவது ஒருநாள் அந்தப் பெரிய கார் காலை வாரும். அன்றைக்கு இந்த மனுஷர் என் வாசலுக்கு வந்து நிற்பார். நான் நிதானமாக அந்தத் தார்ப்பாயைப் பின் சீட்டில் விரிப்பேன். விரித்துக்கொண்டே, "கறையாயிடும் பாருங்க மாமா" என்பேன். அவ்வளவுதான். அதற்கு மேல் எனக்கு எதுவும் வேண்டாம். பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் அந்த வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன். ஒருநாள் கோபமாக, ஒருநாள் சாந்தமாக. சாந்தமாகச் சொல்வதுதான் அதிகம் வலிக்கும் என்று முடிவு செய்தேன்.

அதுவரைக்கும் சும்மா இருக்க முடியவில்லை. உளுந்து வந்து கை கொடுத்தது.

சம்பா அறுவடை முடிந்த ஈரத்தில் இங்கே எல்லோரும் உளுந்து தெளிப்போம். பங்குனியில் செடியைப் பிடுங்கி, காய்ந்ததும் ரோட்டில் பரப்பிவிடுவோம். போகிற வருகிற வண்டிகளின் சக்கரம் ஏறி ஏறி நெத்து உடைந்து உளுந்து உதிரும். காசில்லாத வேலையாள். அதனால் வண்டிக்காரர்களிடம் மேலே ஏற்றிப் போகச் சொல்லிக் கேட்பதும், அவர்கள் ஏற்றிப் போவதும் இங்கே சகஜம். யாரும் மறுக்க மாட்டார்கள். நான் மறுத்தேன்.

"தவளைய கொஞ்சம் மேல ஏத்தி ஓட்டிட்டுப் போம்மா," என்பார் மாமா. நான் கேட்காத மாதிரி காரைத் திருப்பி, வாய்க்கால் கரை மண் பாதையில் மூன்று கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு போவேன். என் சக்கரம் அவருடைய ஒரு நெத்தைக்கூட உடைக்கக் கூடாது. இரண்டு முறை டயர் பஞ்சரானது. ஒருமுறை அடியில் கல் தட்டி மெக்கானிக் என்னைத் திட்டினார். மூன்று பங்குனி இப்படியே போனது. அல்பத்தனம்தான். அனுபவித்துச் செய்தேன்.

போன பங்குனியில் வாய்க்கால் மதகு வேலையில் ரோடு பாதியாகக் குறுகிவிட்டதால் மினி பஸ் எங்கள் ஊருக்கு வரவில்லை. ரோட்டில் வண்டியே இல்லை. மாமாவின் உளுந்து நாலு நாள் அப்படியே கிடந்தது. மேற்கே மேகம் கட்டியது. பொறுக்க முடியாமல் அவர் தன் பெரிய காரையே எடுத்து, உளுந்தின் மேல் முன்னும் பின்னுமாக ஓட்ட ஆரம்பித்தார். நான் சனிக்கிழமை லீவில் என் வாசலில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டே பார்த்தேன். என் காரும் பக்கத்தில்தான் நின்றது. அவர் ஒருமுறை என்னைப் பார்த்தார். நான் கீரையைப் பார்த்தேன்.

காய்ந்த கொடி சக்கரத்தின் உள்பக்கம் கயிறு மாதிரி சுற்றிக்கொள்ளும். லாரிக்காரர்களுக்கு அது தெரியும், நடுவில் நிறுத்திப் பிடுங்கி எறிவார்கள். இவர் இறங்கவில்லை. முப்பது நடை இருக்கும், காருக்கு அடியிலிருந்து புகை வந்தது. அப்புறம் தீ. ஆட்கள் ஓடி வந்து வாய்க்கால் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றி அணைத்தார்கள். கார் பிழைத்தது, ஆனால் அடியில் ஒயர்கள் கருகி ஸ்டார்ட் ஆகவில்லை. எனக்குப் பரம சந்தோஷம். இருக்கட்டும், உண்மையைத்தானே எழுதுகிறேன்.

அந்தச் சந்தோஷம் கால் மணி நேரம் இருந்தது. மிச்சச் செடிக்கும் தீ பரவிவிடப் போகிறது என்று அக்கா ரோட்டோரம் கிடந்த செடிக் குவியலை இழுத்து ஒதுக்கிக்கொண்டிருந்தார். அதற்குள்ளே கண்ணாடி விரியன் இருந்திருக்கிறது. கணுக்காலில் போட்டுவிட்டது.

மாமா என் வாசலுக்கு ஓடி வந்தார். நாலு வருஷமாக நான் மனசுக்குள் ஓட்டிப் பார்த்த காட்சி, அதே வாசல், அதே மனுஷர்.

"அம்மா, வண்டிய எடும்மா! விரியன் கடிச்சிருச்சு. ஆம்புலன்ஸ் வர நேரமாகுமாம்!"

மாட்டேன் என்று சொல்ல நான் ஒருபோதும் நினைத்ததில்லை. சாவியை அப்போதே எடுத்துவிட்டேன். ஆனால் கை டிக்கிக்குத்தான் போனது. தார்ப்பாயை எடுத்து உதறினேன். பின் சீட்டில் விரித்தேன். நாலு மூலையையும் சீட்டுக்கு அடியில் செருகினேன். இரண்டு பேர் அக்காவைத் தூக்கிக்கொண்டு கதவருகில் நின்றிருக்க, நான் செருகிக்கொண்டிருந்தேன். பிறகு மாமாவைப் பார்த்துச் சாந்தமாகச் சொன்னேன்.

"கறையாயிடும் பாருங்க மாமா."

"ஆமா ஆமா, போடு. நல்லதுதான்," என்றார் அவர். "வெரசா கெளம்பு."

அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. நடிப்பில்லை. அவருக்கு நினைவே இல்லை. என் அப்பாவைச் சாக்கில் ஏற்றிய வாக்கியத்தைச் சொன்ன அன்றைக்கே மறந்திருக்கிறார். நாலு வருஷம் தீட்டி வைத்தது அவர் மேல் படவேயில்லை.

"நான் ஓரமா உக்காந்துக்குறேம்மா," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "கறை ஆகாது."

கண்ணாடியில் பார்த்தேன். அக்கா சீட்டின் விளிம்பில், முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். மாமா முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்து, "போம்மா, போம்மா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ரோட்டில் கிடந்த அவருடைய உளுந்தின் மேல் முதல் தடவையாகக் காரை ஏற்றினேன். நெத்து படபடவென்று உடைந்தது. நீடாமங்கலம் கேட் திறந்திருந்தது. என் அப்பாவுக்குச் சாத்திய கேட் இவர்களுக்குத் திறந்திருக்கிறதே என்று அந்த நேரத்திலும் எனக்கு எரிந்தது.

மன்னார்குடிக்குப் பாதி வழியில் அக்காவுக்கு ஈறிலிருந்து ரத்தம் கசிய ஆரம்பித்தது. தார்ப்பாய் இருந்தது. அதில் துப்பலாம். அவர் துப்பவில்லை. முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். ஆஸ்பத்திரியில் இறக்கியபோது முந்தானை முழுவதும் சிவப்பு. தார்ப்பாயில் ஒரு சொட்டு இல்லை.

பிழைத்துக்கொண்டார். கிட்னி மட்டும் அடி வாங்கிவிட்டது, கொஞ்ச காலத்துக்கு வாரா வாரம் தஞ்சாவூர் போய் டயாலிசிஸ் செய்ய வேண்டும் என்றார்கள். வீட்டுக்கு வந்த நாலாம் நாள், வீங்கிய காலை இழுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி என் வீட்டுக்கு வந்தார். கையில், அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவரோடு சேர்த்து இறக்கிய என் தார்ப்பாய். சோப்புப் போட்டுத் துவைத்து, காய வைத்து, நாலாக மடித்திருந்தார்.

"இது ஒன்னும் ஆகலையே அக்கா, எதுக்குத் தொவச்சீங்க?"

அவர் மடிப்பைக் கையால் நீவிக்கொண்டே இருந்தார்.

"அன்னிக்கு உங்கப்பாவுக்கு நான் இந்த மாதிரி ஒன்ன எடுத்துக் குடுத்திருக்கலாம். உள்ளதான் கெடந்துச்சு," என்றார். "அவருக்குப் பயந்துக்கிட்டு உள்ள போயிட்டேன்."

சொல்ல வேண்டியவர் சொல்லாததை இவர் சொல்லிக்கொண்டிருந்தார். தார்ப்பாயை வாங்கி வைத்துக்கொண்டேன். மறுநாள் அதைக் கொண்டுபோய் ஊர்க்கோடியில் கூரை ஒழுகும் ஒரு வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

மாமாவை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பெரிய கார் ரிப்பேர் முடிந்து வந்துவிட்டது. ஆனால் அந்த உயரத்துக்குப் படியில் கால் வைத்து ஏற அக்காவால் முடியவில்லை. தாழ்ந்த கார்தான் அவருக்குச் சரி. அதனால் சனிக்கிழமை தோறும் மாமா எந்தக் கூச்சமும் இல்லாமல் வந்து, "தவளைய எடும்மா, நேரமாச்சு," என்கிறார். எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும். சாவியை எடுப்பேன்.

அக்கா கையில் ஒரு வெள்ளைத் துண்டோடு வருவார். பின்கதவைத் திறந்து, சீட்டில் அதை விரித்து, சுருக்கம் இல்லாமல் நீவிவிட்டு, அதன் மேல்தான் உட்காருவார்.

"வேணாங்க்கா, அப்படியே உக்காருங்க," என்பேன்.

"இருக்கட்டும்மா," என்பார். "கறையாயிடும்."

கோபமாகச் சொல்வதில்லை. சாந்தமாகத்தான் சொல்கிறார். தஞ்சாவூர் வரைக்கும் அவர் சீட்டில் சாய்ந்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை.