ஆசீர்வாதம் செய்த சிப்பாய்

எழுபதுகளின் கடைசியில், பி.ஏ. இரண்டாம் வருடத்தில், பிரெஞ்சுத் தேர்வில் காப்பி அடித்ததாக என்மேல் புகார் வந்தது. விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்தபோது என்னுடையது மட்டும் வரவில்லை. எனக்கு முன்னால் உட்கார்ந்து எழுதிய பையனுடையதும் வரவில்லை. "ரெண்டு பேரும் நாளைக்குப் பிரின்சிபாலைப் பாருங்க" என்றார் பிரெஞ்சு சார்.

அந்தப் பையன் கடலோரத்து வைத்திக்குப்பத்துக்காரன் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் வீட்டில் அம்மா முதலில் கேட்டதே, "யாருடி அந்தப் பையன்?" என்றுதான். மில் வேலை முடிந்து வந்த அப்பா, "மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடு. பேரு கெட்டுடப் போவுது" என்றார்.

அழுதேன். அழுது முடித்த பிறகும் ஒரு குடைச்சல் மட்டும் போகவில்லை. அப்படி என்னதான் நாங்கள் ஒரே மாதிரி எழுதியிருப்போம்?

மறுநாள் பிரின்சிபால் ஆளுக்கொரு வெள்ளைத்தாளை நீட்டினார். "மன்னிப்பு எழுதிக் குடுங்க. இல்லன்னா வருஷப் பரீட்சைக்கு உட்கார முடியாது."

பையன் பேனாவைத் திறந்துவிட்டான்.

"சார், எங்க விடைத்தாளை ஒரு தடவை பாக்கலாமா?" என்றேன்.

"புகார் வந்த தாளையெல்லாம் காட்டுற வழக்கம் இல்லம்மா."

"காட்டக்கூடாதுன்னு விதி இருக்குதா சார்?"

துடுக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். பிரின்சிபால் பிரெஞ்சு சாரைப் பார்த்தார். அவர் ஜன்னலைப் பார்த்தார். "சரி, காட்டுங்களேன்" என்றார் பிரின்சிபால்.

தமிழில் மொழிபெயர்க்கச் சொல்லியிருந்த ஒரு பிரெஞ்சுப் பத்தியில்தான் பிரச்சினை. சண்டையில் ஒரு சிப்பாய் தன் நண்பனைக் காயப்படுத்துகிறான். பிரெஞ்சில் அந்தச் சொல் 'ப்ளெஸ்ஸே'. இங்கிலீஷ் 'பிளெஸ்' என்று நினைத்து, சிப்பாய் நண்பனை ஆசீர்வதித்தான் என்று நான் எழுதியிருந்தேன். அவனும் அப்படியே எழுதியிருந்தான்.

"வகுப்புல வேற யாரும் இப்படி எழுதல" என்றார் பிரெஞ்சு சார்.

சார் கோடு போட்டிருந்தது அந்த ஒரு வரிக்கு மட்டும்தான். நான் அடுத்த வரிக்குப் போனேன். நண்பனின் நெற்றியில் ரத்தம் வந்தது என்பது அந்த வரி. ஆசீர்வாதம் செய்தால் ரத்தம் ஏன் வரும் என்று தேர்வில் வெகுநேரம் திண்டாடியிருந்தேன். கடைசியில், சிப்பாயின் மோதிரம் நெற்றியில் கீறிவிட்டது என்று நானாகவே சேர்த்திருந்தேன். பையனின் தாளில், சிப்பாய் ரத்தபாசம் பொங்கி நண்பனின் நெற்றியில் முத்தமிட்டிருந்தான்.

இரண்டையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்த பிரின்சிபால் முத்தத்தில் நின்று சிரித்துவிட்டார். அப்போதுதான் பையன் முதல் தடவையாக வாயைத் திறந்தான்.

"பாத்து எழுதியிருந்தா ரெண்டு பேர் புளுகும் ஒண்ணா இருந்திருக்கும், சார்."

பிரெஞ்சு சார் சிரிக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. அந்த இரண்டு வரிக்கும் மார்க் கிடையாது என்றார். அது நியாயம்தான். எழுதாத வெள்ளைத்தாள்களைப் பிரின்சிபால் திரும்ப வாங்கிக்கொண்டார். "இனிமே யாரைக் கூப்பிட்டாலும் முதல்ல தாளைக் காட்டிடுங்க" என்று பிரெஞ்சு சாரிடம் சொன்னார்.

விதி என்ன என்பது எனக்கு இன்னும் தெரியவில்லையே. நேரே ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். கிளார்க் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லியே" என்றார்.

வராந்தாவில் அந்தப் பையன் எனக்காகக் காத்திருந்தான்.

"ஒண்ணு கேக்கணும். மோதிரம் எப்படிங்க தோணுச்சு?"

"ரத்தத்துக்கு ஒரு காரணம் வேணும்ல? நீங்க ஏன் முத்தம் குடுக்க வெச்சீங்க?"

"எனக்கு மோதிரம் தோணல" என்றான்.