கிளினிக் விரதம்

சரோஜாக்கா இறந்துவிட்டார். இன்று காலை அவருடைய மகள் வொய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள்.

நேற்று மத்தியானம் சோறு சாப்பிட்டுப் படுத்தவர், தேத்தண்ணிக்கு எழுப்பியபோது எழவில்லையாம். இதயம்.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. மாத்தளைப் பக்கம், இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். நான் அவரைச் சந்தித்தது சீனி வருத்தம், அதாவது நீரிழிவு பற்றிய ஓர் ஆராய்ச்சியில்.

படித்து முடித்து வேலையில்லாமல் திரிந்த காலம் அது. ஒரு பல்கலைக்கழகக் குழுவுக்குத் தமிழில் கேள்வி கேட்க ஆள் தேவைப்பட்டது. தமிழ் ஆட்கள் நிரம்பி வழியும் கிளினிக்கை ஆராய வந்த குழுவில் தமிழ் தெரிந்த ஒருவர்கூட இல்லை... நம் நாட்டில் இதையெல்லாம் யாரும் பெரிதாக எடுப்பதில்லை.

அவர்களைக் குழப்பியது இதுதான். கிளினிக் நாளில் வெறும் வயிற்றில் பார்க்கும் சீனி ஏறக்குறைய எல்லோருக்கும் அளவாக இருந்தது. ஆனாலும் கண் மங்கியது, சிறுநீரகம் பழுதானது, காலில் வந்த புண் ஆறவில்லை.

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தச் சோதனை செய்தார்கள். அது எக்கச்சக்கமாக ஏறியிருந்தது.

தோட்டத்துப் பெண்களுக்கு இரத்தசோகை அதிகம். இரும்புச்சத்துக் குறைந்தால் அந்தச் சோதனை கூட்டிக் காட்டக்கூடும். குழுவின் பேராசிரியர் மேடம் அந்த வழியில் தேடிக்கொண்டிருந்தார். நல்ல யோசனைதான்.

சரோஜாக்காவுக்கு அப்போது கால் சுண்டுவிரலில் புண். கிளினிக் கொப்பியில் சீனி நன்றாக இருந்ததால் யாரும் மருந்தைக் கூட்டவில்லை. புண் மட்டும் பாதத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.

கால் போனால் மலை ஏற முடியாது. மலை ஏறாதவருக்குத் தோட்டத்தில் சம்பளமும் இல்லை, மரியாதையும் இல்லை.

ஒரு கிளினிக் நாளில் எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை அவரிடமும் கேட்டேன். "அக்கா, நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"வல்லாரையும் வெறுந்தேத்தண்ணியும்."

"முந்தாநாள்?"

"அதேதான்." கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். பிறகு, "ஏ பிள்ள, இது கிளினிக்குச் சாப்பாடு. எங்க வூட்டுச் சாப்பாடு தெரியணும்னா நாளைக்கு வந்து கேளு" என்றார்.

பக்கத்தில் இருந்த ஜெஸீமா ராத்தா அவர் தொடையில் கிள்ளினார். "வாய மூடுங்க சரோஜா! எல்லாரையும் காட்டிக் குடுக்கப் போறீங்களா?"

"நீங்க நோன்புங்கிறீங்க, நாங்க விரதம்ங்கிறோம். ஆண்டவனுக்கா புடிக்கிறோம்? டொக்டருக்குத்தானே புடிக்கிறோம்!"

வாங்கில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அப்படித்தான் விஷயம் வெளியே வந்தது...

கிளினிக்குக்கு இரண்டு நாள் முன்பே எல்லோரும் சாப்பாட்டைக் குறைத்துவிடுவார்கள். சோதனை முடிந்ததும் நேராகக் கடைக்குப் போய் பணிஸ் என்கிற இனிப்பு பன்னும் சீனி அள்ளிப் போட்ட தேத்தண்ணியும். அடுத்த கிளினிக் வரை அதே கதை.

நான் சொன்னதைக் கேட்டு மேடம் ஓடிவந்தார். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டார். நான் அதைத் தமிழில் கேட்டேன், சரோஜாக்கா பதில் சொன்னார்.

"சீனி கூடியிருந்தா திட்டுறாங்களே மேடம். இத்தன பேருக்கு முன்னால, மாடு மாதிரி திங்கிறியான்னு கேக்குறாங்க. ரெண்டு நாள் பட்டினி கெடந்தா அந்த மாசம் மானம் மிஞ்சும்."

பொய்யில்லை. கிளினிக்கில் திட்டைத் தமிழில் சொல்ல என்னைக் கூப்பிட்டவர்கள், மருந்தை விளக்க ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

மீன் சாப்பிடு, மரக்கறி சாப்பிடு என்று கத்துவார்கள். மா ரொட்டிக்கு மேல் எதுவும் கட்டுப்படியாகாத சம்பளத்தைப் பார்த்து யாரும் கத்தியதில்லை.

"அப்ப ஏங்க்கா இப்ப மட்டும் சொல்றீங்க?" என்று நான் கேட்டேன்.

"மானம் இருந்து என்னத்துக்கு? காலு வேணுமே."

மேடம் அவரைக் கையோடு டொக்டரின் அறைக்குள் கூட்டிப்போனார். அன்றைக்கே இன்சுலின் எழுதினார்கள். புண்ணுக்கும் ஒழுங்கான வைத்தியம் தொடங்கியது.

சுண்டுவிரல் போனது. கால் நின்றது.

ஜெஸீமா ராத்தா கொஞ்ச நாள் அவரோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டார்: "அந்த ஊசி வலிக்குமா?"

"ஒங்க கிள்ளு அளவுக்கு இல்ல."

கிளினிக் திருந்திவிட்டது என்று எழுத ஆசைதான். இப்போதும் திட்டுகிறார்கள். கதவைச் சாத்திவிட்டு, ஆளைத் தனியாக வைத்துத் திட்டுகிறார்கள்.

"அதுவும் முன்னேற்றந்தானே பிள்ள" என்று சரோஜாக்கா சிரிப்பார்.

புண் ஆறியதும் மறுபடி மலைக்குப் போனார். ஓய்வு பெறும்வரை பறித்தார். சோறு கொஞ்சமாக, ஆனால் தினமும். ஊசியைத் தானே போடப் பழகிக்கொண்டார்.

கடைசியாகப் பார்த்தது மாத்தளை அம்மன் தேருக்கு. கூட்டத்தோடு கூட்டமாகத் தேருக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தார். செருப்பில்லை என்று தெரிந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அக்கா! சீனி வருத்தக்காரங்க வெறுங்காலோட நடக்கக் கூடாதுன்னு எத்தன தடவ சொன்னோம்?"

சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக் காட்டினார். உள்ளே பேரனின் வெள்ளை ஸ்கூல் சொக்ஸ், தடிமனாக ஒன்றின் மேல் ஒன்று!

"அம்மன் ஒன்னும் சொல்லாது. நீதான் கத்துவேன்னு தெரியும்."

தேர் நகர்ந்தது. அவரும் போய்விட்டார், அவசரமாக, பின்னால் திரும்பிப் பார்க்காமல்.

இன்று பின்னேரம் உடலை எடுக்கிறார்கள். மலையில் விடியற்காலையிலிருந்து மழையாம்.

இரண்டு காலும் ஒங்ககிட்டத்தான் இருக்கு, சரோஜாக்கா. மெதுவா நடந்து போங்க.