இரண்டாவது ஆல்பத்தில் என் குரல்

பக்கவாதம் வந்து பேச்சை இழந்தவர்களுக்குச் சொற்களைத் திரும்ப எடுத்துக்கொடுப்பதுதான் என் வேலை. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகர ஓரத்திலுள்ள ஒரு பழைய நிலக்கரிச் சுரங்கக் கட்டடத்துக்குப் போய், யாரோ சிலருக்காகப் பாடிவிட்டு வருவேன்.

சுரங்கத் தொழிலாளர்கள் குளித்து உடை மாற்றிய மண்டபம் அது. அவர்கள் சட்டைகளைக் கொழுவி மேலே இழுத்துவிட்ட சங்கிலிகள் இன்னும் கூரையிலிருந்து தொங்குகின்றன. அதன் ஒரு பகுதியைத் தடுத்து ஒரு ஜெர்மன்காரர் ஸ்டூடியோ வைத்திருந்தார். மெட்டுப் போட்டு ஜப்பானுக்கு விற்பது அவர் தொழில். வெறும் மெட்டை அனுப்பினால் அங்கே எடுபடாது. யாராவது பாடிக் காட்டவேண்டும். அந்தக் குரலை ‘கைட்’ என்பார்கள். பொருளில்லாத ஆங்கிலச் சொற்களை வாய்க்கு வந்தபடி போட்டு நான் பாடுவேன். டோக்கியோவில் அதற்கு ஜப்பானிய வரிகள் எழுதுவார்கள். பாடப்போகிற பெண்கள் என் பாட்டைக் கேட்டுக் கேட்டுப் பழகுவார்கள். பிறகு என்னை அழித்துவிடுவார்கள். அதில் எனக்கு ஒரு மனக்குறையும் இருந்ததில்லை.

ஐந்து இளம்பெண்கள் சேர்ந்து ஆடிப் பாடும் ஓர் ஐடல் குழு எங்களிடம் தொடர்ந்து பாட்டு வாங்கியது. முதல் ஆல்பத்தில் எங்களுடையது ஒன்றுதான். இரண்டாவதில் பாதிக்கு மேல் எங்களுடையதாக இருக்கும் என்று அவர்களுடைய மேலாளர் அம்மா சொன்னார். கூடவே ஒரு நிபந்தனை. குழுவின் நடுவில் நிற்கும் பெண் எப்படிப் பாடுவாளோ அப்படியே கைட் இருக்கவேண்டும்.

அதனால் அவளைப் படித்தேன். முதல் ஆல்பத்தை ஒரு நோயாளியின் பேச்சைக் கேட்பது போலக் கேட்டேன். தாளத்துக்கு ஒரு மயிரிழை பின்னால் தொடங்குவாள். வரிக்கு முன் மூச்சை இழுக்கும்போது ஏதோ சொல்ல நினைத்து விட்டுவிட்டது போல ஒரு சிறு தடக்கல். நீண்ட சுரத்தின் முடிவில் குரல் லேசாகக் கீழே சாயும். ஒரு மாதத்தில் அதெல்லாம் எனக்கு வந்துவிட்டது. வந்தது போகவும் மாட்டேன் என்றது. ஒருநாள் சமையலறையில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது என் கணவர் எட்டிப் பார்த்தார்.

“இப்ப ஆர் பாடினது? நீரோ, போனிலையோ?”

“நான்தான்.”

“உம்மடை குரல் மாதிரியே இல்லை.”

அந்தக் குளிர்காலத்தில், குழுவின் நடுவில் நின்ற அந்தப் பெண் இறந்துவிட்டாள். நோய் என்று மட்டும் சொன்னார்கள். மூன்று பாட்டுகளுக்கு நான் கைட் பாடி அனுப்பியிருந்தேன். அதில் ஒன்றை மட்டும், அதையும் பாதிவரை, அவள் பாடிப் பதிவு செய்திருந்தாள்.

வேலை நின்றது. வசந்தம் வந்தபோது ஸ்டூடியோக்காரர் தொலைபேசியில் அழைத்தார். மிச்சமுள்ள நான்கு பெண்களோடு ஆல்பம் வெளிவரும். இன்னும் மூன்று கைட் வேண்டும், முந்திய மாதிரியே. அந்தப் பெண்கள் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு பாடித்தான் பழகியிருக்கிறார்களாம். பாதியில் நிற்கும் பாட்டின் மிச்சத்தையும் நான் பாடித் தரவேண்டும். அதை என்ன செய்வது என்று பிறகு யோசிப்பார்கள்.

கணவருக்குப் பிடிக்கவில்லை.

“செத்த பிள்ளையின்ரை குரலிலை பாடப் போறீரோ? எனக்கு மனசுக்குச் சரியாப் படேல்லை.”

“குரல் எண்டுறது ஒரு பழக்கம்தானே. மூச்சு, நாக்கு, தாடை. நான் தினமும் செய்யிற வேலைதான்.”

“அப்ப ஏன் என்னைப் பார்க்காமல் சொல்லுறீர்?”

நான் காரை எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனேன்.

புதிய மூன்றும் சிரமமில்லாமல் முடிந்தன. பாதிப் பாட்டுத்தான் கடைசி. ஹெட்ஃபோனில் அவள் குரல் வந்தது. பழகிக்கொள்வதற்காக அவளோடு சேர்ந்து முதற்பாதியைப் பாடினேன். ஸ்டூடியோக்காரர் பதிவைத் திரும்பப் போட்டார். கேட்டுவிட்டு, “மூன்றாவது வரியை நல்லாப் பிடிச்சிருக்கிறேன். அதை வைச்சுக்கொள்ளுங்கள்” என்றேன்.

அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து என்னைப் பார்த்தார். “உன் குரல் பதிவான தடத்தை நான் இன்னும் திறக்கவே இல்லை. நீ கேட்டது அவளை மட்டும்தான்.”

என் குரலை எனக்குத் தெரியும் என்று அதுவரை நம்பியிருந்தேன். மீதிப் பாதியை ஒரே தடவையில் பாடிக் கொடுத்துவிட்டு, நன்றிகூடச் சொல்லாமல் வெளியே வந்துவிட்டேன். அன்றிலிருந்து வகுப்பில் நோயாளிகளுக்கு ‘ஆ’ என்று நீட்டிக் காட்டும்போதெல்லாம் முடிவில் குரல் கீழே சாயும். அவர்களும் அப்படியே சாய்த்துத் திருப்பிச் சொல்வார்கள். பல்லில்லாத கிழவர் ஒருவர் அவளைப் போல முடித்தபோது அன்றைய பயிற்சியை அத்தோடு நிறுத்திவிட்டேன்.

கோடை தொடக்கத்தில் நான்கு பெண்களும் டுஸ்ஸல்டோர்ஃப் நகரில் ஒரு மேடையில் ஆட வந்தார்கள். வந்த கையோடு எங்கள் ஸ்டூடியோவில் கோரஸ் பாடித் தருவதாக ஏற்பாடு. மேலாளர் அம்மாவும், டுஸ்ஸல்டோர்ஃபில் வசிக்கும் ஒரு ஜப்பானிய மொழிபெயர்ப்பாளரும் கூட வந்தார்கள். தேவைப்பட்டால் உதவ என்னையும் இருக்கச் சொல்லியிருந்தார்கள்.

நால்வரில் மிகக் குட்டையானவள் வந்ததிலிருந்து ஓரிடத்தில் நிற்கவில்லை. கழிப்பறைக் கதவைத் திறந்து பார்த்தாள். வயர்கள் போட்டு வைத்திருக்கும் அறையைத் திறந்தாள். சங்கிலிகள் தொங்கும் மண்டபத்தின் கடைசி மூலைவரை போய்த் திரும்பி வந்தாள். பழைய கட்டடம், வேடிக்கை பார்க்கிறாள் என்று நாங்கள் நினைத்தோம். கடைசியில் சின்னச் சமையலறைக் கதவைத் திறந்தாள். அங்கே நான் மதியச் சோற்றைச் சூடாக்கிக்கொண்டு, வழக்கம்போல எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

அவள் முகம் ஏன் அப்படி வெளிறிப்போனது என்று எனக்கு அப்போது தெரியாது. சுவரைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு என் பின்னால் பார்த்தாள். அங்கே குளிர்சாதனப் பெட்டி மட்டும்தான் இருந்தது.

மொழிபெயர்ப்பாளர் ஓடிவந்தார். அந்தப் பெண் தாழ்ந்த குரலில் நிறுத்தாமல் ஏதோ சொன்னாள். மொழிபெயர்ப்பாளர் கேட்டுக்கொண்டே கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

“கைட் பாடுவதற்கு ஒருவர் இருக்கிறார் என்று இவர்களுக்கு யாருமே சொல்லவில்லையாம்” என்றார் என்னிடம். “எல்லாவற்றையும் நடுவில் நிற்கும் தோழிதான் முதலில் பாடுகிறாள் என்று நினைத்திருக்கிறார்கள். அவள் இறந்த பிறகும் ஜெர்மனியிலிருந்து புதுப் பாட்டுகள் வந்தனவாம், அவள் குரலில். இறுதிச் சடங்குக்கும் இவர்களைக் கூப்பிடவில்லை. அதனால்...”

“அதனால்?”

“அவள் சாகவில்லை, இங்கே வைத்திருக்கிறார்கள் என்று இந்தப் பிள்ளை நம்பியிருக்கிறாள். மற்ற மூவருக்கும்கூடச் சொல்லவில்லையாம். தேடிப் பார்க்கத்தான் வந்தாளாம்.”

மைக்ரோவேவ் மணியடித்து நின்றது. நான் அந்தப் பெண்ணின் எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நாற்பது வயதைத் தாண்டிய, நரை விழுந்த ஒரு தமிழ்ப் பெண். அவள் தேடி வந்தது இந்த முகத்தை அல்ல.

“என்ரை வாயைப் பார்க்கச் சொல்லுங்கோ” என்று ஜெர்மன் மறந்து தமிழில் சொல்லிவிட்டேன். பிறகு ஜெர்மனில் சொன்னேன்.

அவள் பார்த்தாள். பாதிப் பாட்டின் முதல் வரியைப் பாடினேன், மைக் இல்லாமல், அவளுடைய தோழி பாடும் விதத்திலேயே. இரண்டாவது வரியில் அவள் கையை நீட்டி என் தொண்டையைத் தொட்டாள். விரல்கள் ஐஸ் போல இருந்தன. வரி முடியும்வரை எடுக்கவில்லை. முடிந்ததும் ஒரு சொல் சொன்னாள். மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லத் தயங்கினார்.

“‘அவள் இல்லை’ என்கிறாள்.”

அவள் அழுதது அதற்குப் பிறகுதான். தோழி போனதிலிருந்து அதுவரை அழவே இல்லை என்று மேலாளர் அம்மா பிற்பாடு சொன்னார். அந்த அம்மாவும் குனிந்தபடியே நின்றார். சொல்லியிருக்கவேண்டும், நேரம் கிடைக்கவில்லை என்றார். யாரும் அவரோடு கோபித்துக்கொள்ளவில்லை.

பின்னேரம் நால்வரும் பாடினார்கள். குட்டையானவள் கண் வீங்கியபடியே பாடினாள். தாளத்துக்குச் சரியாகத் தொடங்கினாள், எந்தக் குரலையும் பிடித்துக்கொள்ளாமல். போகும்போது பாதிப் பாட்டைப் பற்றி நால்வரும் சேர்ந்து ஒன்று கேட்டார்கள். அதை முடிக்கவேண்டாம். நான் பாடிய மிச்சத்தை எடுத்துவிட்டு, அவள் நிறுத்திய இடத்திலேயே நிறுத்திவிடவேண்டும். மேலாளர் அம்மா உடனே ஒத்துக்கொண்டார்.

இலையுதிர் காலத்தில் சிடி தபாலில் வந்தது. அட்டையில் நான்கு பெண்கள். நடுவில் ஓர் ஆள் நிற்குமளவு இடம் விட்டிருந்தார்கள். என் பேர் எங்கும் இல்லை. ஆனால் இரண்டு பாட்டுகளில், நால்வரின் குரலுக்கும் அடியில், நான் இருக்கிறேன். அழிக்க மறந்தார்களா, வேண்டுமென்றே விட்டார்களா என்று தெரியவில்லை. அங்கே இருப்பது யார் என்று ரசிகர்கள் இணையத்தில் எழுதுகிறார்களாம். எல்லோரும் இறந்துபோனவளின் பேரைத்தான் எழுதுகிறார்கள்.

அதற்குப் பிறகு நான் கைட் பாடப் போகவில்லை. ஸ்டூடியோக்காரர் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

ஒரு ஞாயிறு, ஹம் நகரிலுள்ள அம்மன் கோயிலுக்குப் போகும் வழியில், கணவர் தானாகவே அந்த சிடியைக் காரில் போட்டார். நான் தடுக்கவில்லை. கடைசிப் பாட்டு வந்தது. அவள் பாடிக்கொண்டே வந்து, ஒரு சொல்லின் நடுவில் நின்றுபோனாள். கார் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

“முடிஞ்சுதோ?”

“ஓம். அவ்வளவுதான்.”

அவர் வானொலிக்கு மாற்றவில்லை. கொஞ்சத் தூரம் போன பிறகு கேட்டார். “அந்தப் பிள்ளைக்கு என்ன வயசு?”

அவள் எங்கே மூச்சு வாங்குவாள், எந்த எழுத்தில் நாக்கு இடறும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும்.

“தெரியாது” என்றேன். “நான் ஆரிட்டையும் கேட்கவேயில்லை.”