பக்கத்து ஊருக்கு அஸ்ஸாம் வழியாக

சென்ற ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. எனக்கும் கணவருக்கும், வீட்டிலிருந்தே ஊர் ஊராகப் பேச உதவும் ஹாம் ரேடியோ என்றால் பைத்தியம். தேர்வெழுதி லைசென்ஸும் வாங்கியிருக்கிறோம். அன்று அவர் சின்ன ரேடியோவைத் தூக்கிக்கொண்டு, நண்பர்களுடன் ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்துக்குக் கிளம்பினார். எந்த அலைவரிசை எந்த நேரத்தில் எதுவரை எட்டும் என்று முன்கூட்டியே கணித்து, எட்டும் இடங்களை வரைபடத்தில் பச்சையாகக் காட்டும் மென்பொருள் ஒன்று எங்களிடம் உண்டு. காலையில் அதைத் திறந்து, "பாத்தியா, டெல்லி, கல்கத்தா பூராவும் பச்சை! இன்னைக்கு இந்த அலைவரிசையிலதான் பேசப் போறேன்" என்று பெருமையடித்தார். வரைபடத்தில் எங்கள் பகுதியைச் சுற்றி மட்டும் ஒரு வெள்ளை வட்டம் இருந்தது. இருவருமே அதைக் கண்டுகொள்ளவில்லை.

மதியத்துக்கு மேல், வனத்துறையில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரர் பதறிக்கொண்டு வந்தார். "மலை மேல பேய் மழை. ஓடையில வெள்ளம் வருது, எறங்க வேண்டாம்னு அவியகிட்ட சொல்லுங்க!"

கணவர் ஓடைக்கு அந்தப் பக்கம். அங்கே போனில் டவர் கிடைக்காது. ரேடியோவில் தொண்டை வறளக் கூப்பிட்டேன். வெறும் இரைச்சல்தான். அப்போதுதான் வெள்ளை வட்டம் உறைத்தது. நேராகப் போகும் அலையை மலை மறைக்கிறது. மேலே போவது வானத்தில் பட்டுத் திரும்பி, எங்களைத் தாண்டி எங்கோ தொலைவில் இறங்குகிறது. டெல்லிக்குக் கேட்கும், பக்கத்து ஊருக்குக் கேட்காது! அலைவரிசையை மாற்றலாம்தான். மாற்றச் சொல்லி அவரிடம் யார் சொல்வது? அழுதேவிட்டேன்.

திடீரென்று ஒரு குரல். "யக்கா, அழாதீய. நீங்க பேசுதது நல்லா கேக்கு. ஒங்க வீட்டுக்காரர் பேசுததும் கேக்கு. ஓடையில எறங்கப் போறோம்னு சொல்லுதாவ."

செங்கோட்டைப் பக்கத்துக்காரராம். அஸ்ஸாமில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை; அங்கிருந்துதான் பேசினார்.

"வேண்டாம்னு சொல்லுங்க தம்பி!" என்று கத்தினேன்.

"செத்த இருங்கக்கா..." அந்த இடைவெளியில் எனக்கு உயிரே போய்விட்டது. "சொல்லிட்டேன். நின்னுட்டாவ. மேட்டுக்கு ஏறுதாவ."

கொஞ்ச நேரத்திலேயே மரங்களை உருட்டிக்கொண்டு வெள்ளம் பாய்ந்ததாம். வனத்துறையினர் கயிறு கட்டி எல்லோரையும் இக்கரை சேர்க்கும்வரை அந்தத் தம்பி ரேடியோவை விட்டு எழுந்திருக்கவில்லை. அவருக்கு நன்றி சொன்னேன். "அவியள வையாதீயக்கா, பாவம்" என்று சிரித்தார்.

வைதேன், அது வேறு விஷயம். அந்தத் தம்பியின் முகத்தை இன்றுவரை பார்த்ததில்லை. ஆனால் வரைபடத்தைத் திறக்கும்போதெல்லாம் என் கண் முதலில் போவது அஸ்ஸாமுக்குத்தான். அங்கே பச்சை தெரிந்தால், நான் கூப்பிட்டால் கேட்க ஒரு கூடப்பிறந்தவன் இருக்கிறான் என்று நெஞ்சு நிறைந்துவிடுகிறது.